டிஸ்லெக்சியா

டிஸ்லெக்சியா அல்லது வாசிப்புக் குறைபாடு என்பது, போதிய அறிவுத்திறனும், சரியான பார்வையும் செவித்திறனும், முறையான கல்வி வாய்ப்பும் இருந்தும் எழுத்துகளை ஒலிகளாக மாற்றிச் சரளமாக வாசிப்பதிலும் பிழையின்றி எழுதுவதிலும் ஒருவருக்குத் தொடர்ந்து ஏற்படும் இடர்ப்பாடு ஆகும். இது ஒரு நோயன்று. மனவளர்ச்சிக் குறைவும் அன்று. மூளை மொழியின் ஒலிகளைக் கையாளும் முறையில் பிறப்பிலிருந்தே அமைந்துள்ள ஒரு வேறுபாடு எனலாம். கற்றல் குறைபாடுகள் எனப் பொதுவாக அழைக்கப்படுபவற்றுள் மிகப் பரவலாகக் காணப்படுவது இதுவே. எழுதுவதில் மட்டும் இடர்ப்பாடு மிகுந்திருப்பின் அதனை டிஸ்கிராபியா என்றும், எண்களைக் கையாள்வதில் இடர்ப்பாடு இருப்பின் டிஸ்கால்குலியா என்றும் கூறுவர். இவை ஒரே பிள்ளையிடம் சேர்ந்தும் காணப்படுவதுண்டு.

எவ்வளவு மெதுவாக வாசித்தால் குறைபாடு எனக் கொள்வது என்பதைப் பொறுத்துக் கணக்குகள் வேறுபடுகின்றன. பெரும்பாலான மதிப்பீடுகள் பள்ளிப் பிள்ளைகளுள் நூற்றுக்கு 5 முதல் 10 வரையானோருக்கு இது இருப்பதாகக் கூறுகின்றன. இதன்படி 40 பேர் உள்ள ஒரு வகுப்பில் இரண்டு முதல் நான்கு பிள்ளைகளுக்கு இக்குறைபாடு இருக்கக்கூடும். பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளிடம் இது மிகுதியாகக் கண்டறியப்படுகின்றது. எனினும் வகுப்பில் அமைதியாக இருக்கும் பிள்ளைகள் ஆசிரியர் கண்ணில் படாமற்போவதும் இதற்கு ஒரு காரணம் எனக் கருதப்படுகின்றது.

பெயர்

கிரேக்க மொழியில் இடர்ப்பாட்டைக் குறிக்கும் முன்னொட்டும் சொல்லைக் குறிக்கும் பெயரும் இணைந்து டிஸ்லெக்சியா என்னும் சொல் உருவானது. தமிழில் வாசிப்புக் குறைபாடு, கற்றல் குறைபாடு, எழுத்து மயக்கம் எனப் பலவாறு எழுதப்படுகின்றது. இவற்றுள் கற்றல் குறைபாடு என்பது விரிந்த பொருளுடையது. அரசு ஆவணங்களில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு என்னும் தொடர் ஆளப்படுகின்றது. குறிப்பிட்ட என்னும் அடைமொழி இங்கு முதன்மையானது. பிள்ளையின் அறிவு முழுவதிலும் குறை இல்லை, குறித்த ஒரு திறனில் மட்டுமே இடர்ப்பாடு என்பதை அது உணர்த்துகின்றது.

வரலாறு

இக்குறைபாட்டை முதலில் கவனித்தவர்களுள் கண் மருத்துவர்கள் பலர் இருந்தனர். 1877-இல் செருமானிய மருத்துவர் அடால்ஃப் குஸ்மால், பார்வையும் பேச்சும் நன்றாக இருந்தும் எழுத்தை வாசிக்க இயலாதவர்களின் நிலையைச் சொற்குருடு எனக் குறிப்பிட்டார். ஸ்டுட்கார்ட் நகரின் கண் மருத்துவர் ருடால்ஃப் பெர்லின் 1880களில் டிஸ்லெக்சியா என்னும் சொல்லை ஆக்கினார். எனினும் இவர்கள் எழுதியது பெரும்பாலும் மூளைப் பாதிப்பினால் வாசிப்பை இழந்த பெரியவர்களைப் பற்றியதாகும்.

பிறவியிலேயே இத்தகைய இடர்ப்பாடு இருக்கக்கூடும் என்பது 1896 நவம்பரில் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளிவந்த ஒரு சிறு கட்டுரையால் பரவலாக அறியப்பட்டது. அதனை எழுதியவர் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியைச் சேர்ந்த மருத்துவர் பிரிங்கிள் மார்கன். 14 வயதுச் சிறுவன் ஒருவன் ஏழாண்டுகள் கற்பிக்கப்பட்டும் எளிய சொற்களைக்கூட வாசிக்க இயலாதவனாக இருந்தான். தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதினான். ஆனால் எண்களை எளிதில் படித்தான், கணக்குகளைப் பிழையின்றிச் செய்தான். பாடங்கள் அனைத்தும் வாய்மொழியாக நடத்தப்படுமானால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் கருதியதையும் மார்கன் பதிவு செய்துள்ளார். கிளாஸ்கோவின் கண் மருத்துவர் ஜேம்ஸ் ஹின்சல்வுட் இத்தகைய பல பிள்ளைகளை ஆராய்ந்து 1917-இல் ஒரு நூல் வெளியிட்டார்.

1920களில் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் சாமுவேல் ஓர்ட்டன், கண்ணிலிருந்து மூளைக்கு ஆய்வைத் திருப்பினார். எழுத்துகள் தலைகீழாகவோ இடவலமாகவோ மாறித் தோன்றுவதே இதன் அடிப்படை என்று அவர் எண்ணினார். அக்கருத்து பின்னர் கைவிடப்பட்டது. எனினும் இன்றும் திரைப்படங்களிலும் செய்தித்தாள்களிலும் எழுத்துகள் நடனமாடுவதாகவே இக்குறைபாடு காட்டப்படுகின்றது. 1970களிலிருந்து நடந்த ஆய்வுகள், அடிப்படை இடர்ப்பாடு பெரும்பாலும் பார்வையில் அன்று, பேச்சொலிகளைத் தனித்தனியே பிரித்துணர்வதில்தான் உள்ளது என்பதை நிறுவின.

மூளையில் நிகழ்வது

பேச்சு மனிதனுக்கு இயல்பாக வருவது. எழுத்து அவ்வாறன்று. எழுத்து தோன்றி ஏறத்தாழ 5000 ஆண்டுகளே ஆகின்றன. ஆதலால் வாசிப்பதற்கென்று தனியான உறுப்பு எதுவும் மூளையில் பிறப்பிலேயே அமைந்திருப்பதில்லை. உருவங்களை அடையாளம் காணும் பகுதியையும் பேச்சொலிகளைக் கையாளும் பகுதியையும் பயிற்சியின் மூலம் இணைத்தே ஒவ்வொரு பிள்ளையும் வாசிக்கக் கற்கின்றது. இவ்விணைப்பு பெரும்பாலோருக்கு மூளையின் இடப்பக்கத்தில் உருவாகின்றது. டிஸ்லெக்சியா உள்ளவர்களிடம் இப்பகுதிகளின் செயற்பாடு குறைவாக இருப்பதை மூளைப் படப்பிடிப்பு ஆய்வுகள் காட்டுகின்றன.

இது குடும்பத்தில் தொடரும் தன்மை உடையது. பெற்றோருள் ஒருவருக்கு இருப்பின் பிள்ளைக்கும் இருக்கும் வாய்ப்பு மிகுதி. ஆயினும் ஒரே ஒரு மரபணு இதற்குக் காரணமன்று. 2022-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, டிஸ்லெக்சியா உள்ளதாகக் கூறிய 50,000-க்கும் மேற்பட்டோரின் மரபணுத் தரவுகளை ஆராய்ந்து, தொடர்புடைய 42 மரபணு இடங்களைக் கண்டறிந்தது. ஒவ்வொன்றின் விளைவும் மிகச் சிறிதே. சோம்பல், செல்லம், தொலைக்காட்சி, வீட்டுச் சூழல் ஆகியன இதற்குக் காரணம் அல்ல.

தமிழ் எழுத்தும் வாசிப்புக் குறைபாடும்

டிஸ்லெக்சியா பற்றிய பெரும்பாலான நூல்கள் ஆங்கிலம் வாசிக்கும் பிள்ளைகளை வைத்து எழுதப்பட்டவை. அவற்றில் தரப்படும் அறிகுறிப் பட்டியல்களை அப்படியே தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பொருத்துவது பிழையான முடிவுகளுக்கு இட்டுச் செல்லும். ஆங்கிலச் சிற்றெழுத்துகளான பி, டி இரண்டையும் மாற்றி எழுதுவது இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. தமிழில் இவ்வாறு கண்ணாடி விம்பமாக அமைந்த எழுத்து இணை இல்லை. ஆகவே அவ்வறிகுறியைத் தேடும் ஆசிரியர் தமிழ்ச் சுவடியில் எதையும் காணமாட்டார்.

எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு மொழிக்கு மொழி வேறுபடுகின்றது. ஆங்கிலத்தில் ஒரே எழுத்து பல ஒலிகளைத் தருவதும், ஒரே ஒலி பலவாறு எழுதப்படுவதும் மிகுதி. இத்தாலியம், பின்னியம் போன்ற மொழிகளில் எழுதியவாறே வாசிக்கலாம். 2001-இல் சயன்ஸ் ஆய்விதழில் வெளியான ஓர் ஆய்வு, இங்கிலாந்து, பிரான்சு, இத்தாலி ஆகிய நாடுகளில் டிஸ்லெக்சியா உள்ள பல்கலைக்கழக மாணவர்களை ஒப்பிட்டது. மூன்று நாட்டாரிடமும் மூளையின் ஒரே பகுதியில் செயற்பாடு குறைந்திருந்தது. ஆனால் இத்தாலிய மாணவர்களே மற்றவர்களைவிடப் பிழை குறைவாக வாசித்தனர். குறைபாடு ஒன்றாக இருந்தும் வெளிப்படும் அளவு மொழியின் எழுத்துமுறையைப் பொறுத்தது என்பது இதனால் தெளிவாயிற்று.

தமிழ் இவ்விரு வகைக்கும் நடுவே, இத்தாலியத்தின் பக்கம் சற்று நெருங்கி நிற்கின்றது. க என்னும் எழுத்து கடல், தங்கம், மகன் ஆகிய சொற்களில் மூன்று விதமாக ஒலித்தாலும், எங்கே எவ்வாறு ஒலிக்கும் என்பதற்கு ஒழுங்கான விதி உண்டு. பஸ், கவர்னர் போன்ற பிறமொழிச் சொற்களில் மட்டுமே அவ்விதி தவறுகின்றது. ஆதலால் எழுத்துகளைக் கற்றுக்கொண்ட பிள்ளை, டிஸ்லெக்சியா இருப்பினும், பெரும்பாலான சொற்களை இறுதியில் சரியாகவே வாசித்துவிடும். ஆனால் எடுத்துக்கொள்ளும் நேரம் பன்மடங்காகும். தமிழில் இக்குறைபாட்டின் முதன்மையான அடையாளம் தவறான வாசிப்பைவிட மெதுவான வாசிப்பே எனலாம். இதுவே பலர் கண்டறியப்படாமல் போவதற்கும் காரணம். வாசிக்கத் தெரிகிறது, ஆனால் படிக்க மாட்டேன் என்கிறான் என்று அப்பிள்ளையைப் பற்றிக் கூறுவார்கள்.

தமிழுக்கே உரிய கடினங்களும் சில உள்ளன. முதலாவது எழுத்துகளின் எண்ணிக்கை. 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என 247 எழுத்துகளையும் தனித்தனி உருவங்களாக மனனம் செய்யுமாறு கூறப்படும் பிள்ளை, அவற்றுள் உள்ள ஒழுங்கைத் தானே கண்டுபிடிக்க வேண்டியுள்ளது. பெரும்பாலான பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுகின்றனர். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை கண்டுபிடிப்பதில்லை. தமிழைப் போன்ற அமைப்புடைய கன்னட எழுத்தைப் பற்றிப் பெங்களூரில் ஆய்வு செய்த சொனாலி நாக், ஆங்கில எழுத்துகளைப் போல் ஓராண்டில் முடிந்துவிடாமல், தொடக்கப்பள்ளி ஆண்டுகள் முழுவதும் எழுத்தறிதல் தொடர்வதாக 2007-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்.

இரண்டாவது, உயிர்க்குறிகளின் இடம். கா என்பதில் குறி வலப்பக்கமும், கே என்பதில் இடப்பக்கமும், கோ என்பதில் இருபக்கமும், கி என்பதில் மேலேயும் வருகின்றது. வாயில் பின்னர் ஒலிக்கும் ஏகாரம் தாளில் முன்னர் எழுதப்படுகின்றது. ஒலிகளின் வரிசையைப் பிடித்துக்கொள்ளத் தடுமாறும் பிள்ளைக்கு இது கூடுதல் சுமை. உகரக் குறியோ கு, சு, து எனச் சேரும் மெய்க்கு ஏற்ப உருமாறுகின்றது. கால் எனப்படும் ஆகாரக் குறி ரகரத்தைப் போலவும், ஔகாரக் குறியின் ஒரு பகுதி ளகரத்தைப் போலவும் தோன்றுகின்றன. 1978-இல் தமிழ்நாடு அரசு மேற்கொண்ட எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, ணை, லை முதலிய 13 எழுத்துகளின் ஒழுங்கற்ற பழைய வடிவங்களை நீக்கியது. இகர, உகர வரிசைகளையும் ஒழுங்காக்க வேண்டுமென வா. செ. குழந்தைசாமி முதலியோர் முன்வைத்த கருத்து ஏற்கப்படவில்லை. அச்சீர்திருத்தத்தின் பெயரால் நடந்த விவாதங்களில் தட்டச்சும் கணினியும் பேசப்பட்ட அளவுக்கு வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகள் பேசப்படவில்லை.

மூன்றாவது, பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தொலைவு. வந்துக்கிட்டிருக்கான் என்று வீட்டில் பேசும் பிள்ளை, வந்துகொண்டிருக்கிறான் என்று நூலில் வாசிக்கின்றது. இச்சொல் 11 எழுத்துகள் கொண்டது. விகுதிகளும் வேற்றுமை உருபுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி நீளும் இத்தகைய சொற்களின் இறுதிக்கு வருமுன் அதன் தொடக்கம் நினைவிலிருந்து நழுவிவிடுகின்றது.

மதுரையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு

வாசிப்பின் இடர்ப்பாடு எவ்வாறு மறைக்கப்படுகின்றது என்பதை ஒரு நகரின் ஊர்ப்பெயர்களைக் கொண்டே விளக்கலாம். மதுரையின் வைகை வடகரையில் உள்ள தல்லாகுளம் என்னும் பெயர் த, ல், லா, கு, ள, ம் என ஆறு எழுத்துகள் கொண்டது. ஒலிகளைப் பிரித்து வாசிக்கக் கடினப்படும் பிள்ளை முதலெழுத்தையும் முடிவிலுள்ள குளம் என்பதையும் பார்த்து இடையில் உள்ளதை ஊகித்துக்கொள்ளும். பெரும்பாலும் ஊகம் பலிக்கும். ஆனால் ஆற்றின் தென்கரையில் தெப்பக்குளம் உள்ளது. அதுவும் தகர வரிசையில் தொடங்கிக் குளத்தில் முடிவது. இவ்வூகமுறை மேலும் தெளிவாகத் தோல்வியுறுவது திரு என்னும் அடைமொழி கொண்ட ஊர்களில். திருமங்கலம், திருநகர், திருப்பாலை, திருப்பரங்குன்றம், திருப்புவனம், திருவாதவூர், திருமோகூர் எல்லாம் மதுரையிலும் அதனைச் சுற்றியும் உள்ளவை. பேருந்துப் பலகையில் முதலிரண்டு எழுத்தைப் பார்த்து ஏறுபவர் எங்கும் போய்ச் சேரலாம். பெயரை விடுத்துத் தடத்தின் எண்ணை நினைவில் கொள்வதும், அருகில் நிற்பவரிடம் கேட்பதும் டிஸ்லெக்சியா உள்ள பெரியவர்கள் தாமாகவே உருவாக்கிக்கொள்ளும் வழிகள் ஆகும்.

தல்லாகுளம் என்பதைப் பிள்ளை தள்ளாகுளம் என எழுதினால் அது டிஸ்லெக்சியாவின் அறிகுறி ஆகிவிடாது. ல, ள, ழ மூன்றையும் பேச்சில் வேறுபடுத்தாத பகுதிகள் தமிழகத்தில் பல. மதுரைப் பேச்சில் பழம் என்பது பளம் என ஒலிப்பதைப் பரவலாகக் கேட்கலாம். ர, ற வேறுபாடும் பெரும்பாலோர் பேச்சில் இல்லை. காதில் கேளாத வேறுபாட்டைக் கையில் எழுதுவது எல்லாப் பிள்ளைகளுக்கும் கடினமே. ஆகவே பல்லி, பள்ளி மயக்கம் மட்டும் கொண்டு முடிவு செய்தல் ஆகாது. காதில் தெளிவாகக் கேட்கும் ஒலியையே விட்டுவிடுதல் (தல்லாகுளம் என்பது தலாகுளம், தல்லாளம் என ஆதல்), எழுத்துகளை இடம் மாற்றுதல், உயிர்க்குறியைத் தவறவிடுதல், ஒரே பக்கத்தில் ஒரே சொல்லை மூன்று விதமாக எழுதுதல் ஆகியன கூர்ந்து நோக்கத்தக்கவை.

இரு மொழி கற்கும் பிள்ளைகள்

தமிழகப் பிள்ளைகள் அனைவரும் இரு எழுத்துமுறைகளைக் கற்கின்றனர். ஒன்றில் மறைந்திருக்கும் இடர்ப்பாடு மற்றொன்றில் வெளிப்படலாம். 1999-இல் டயெக்கோ வைடல், பிரயன் பட்டர்வொர்த் ஆகியோர் சப்பானில் வளர்ந்த, ஆங்கிலம் பேசும் பெற்றோரின் மகன் ஒருவனைப் பற்றி எழுதினர். அவன் சப்பானிய மொழியை மிக நன்றாக வாசித்தான். ஆங்கிலத்தில் மட்டும் டிஸ்லெக்சியா உள்ளவனாக இருந்தான். தமிழில் ஒருவாறு சமாளித்து வந்த பிள்ளை ஆங்கில வழிக்கு மாறியதும் திடீரெனப் பின்தங்கினால், அதனைப் புதிய பள்ளி ஒத்துவரவில்லை என்று மட்டும் கொள்ளாமல் இக்கோணத்திலும் பார்த்தல் நன்று. மாறாக, ஆங்கில வழியில் படித்து, வீட்டில் ஆங்கிலம் பேசுவார் எவருமில்லாத பிள்ளைக்கு வாசிப்பு வராமைக்கு மொழி அறியாமையே காரணமாகவும் இருக்கலாம். பேச்சில் தெரிந்த மொழியில் சோதித்துப் பார்ப்பதே முறை.

அறிகுறிகள்

பள்ளிக்கு முன் பேசத் தாமதமாதல், பாட்டில் எதுகை மோனையைப் பிடிக்க இயலாமை, நன்கறிந்த பொருள்களின் பெயரையும் சட்டென்று சொல்ல வராமை ஆகியன சிலரிடம் காணப்படும். முதலிரு வகுப்புகளில் எழுத்துகளைக் கற்பதும் மறப்பதுமாக இருக்கும். மூன்றாம் வகுப்புக்குப் பின், கேட்டால் வாயால் விடை சொல்லும் பிள்ளை தாளில் எழுதாது. கரும்பலகையில் உள்ளதைப் பார்த்து எழுத மிகுந்த நேரம் எடுக்கும். வாசிக்கும்போது வரியைத் தவறவிடும். கணக்கில் எண் வடிவில் தந்தால் செய்யும், வாக்கியக் கணக்காகத் தந்தால் விட்டுவிடும். பாடத்தைப் பிறர் வாசிக்கக் கேட்டு மனனம் செய்து ஒப்பிப்பதால் நான்காம், ஐந்தாம் வகுப்பு வரை ஆசிரியருக்குத் தெரியாமலே கடந்துவிடும் பிள்ளைகளும் உண்டு.

இவற்றைத் தொடர்ந்து வருவனவே பெரும்பாலும் வீட்டார் கண்ணில் முதலில் படுகின்றன. பள்ளி செல்லும் காலையில் வயிற்று வலி, பாடநூல் தொலைதல், வகுப்பில் குறும்பு, பிறரோடு பேச மறுத்தல் ஆகியன அவை. அடியும் வசையும் வாசிப்பு வேகத்தைக் கூட்டியதாக எந்த ஆய்வும் இல்லை.

கண்டறிதல்

முதலில் கண்ணும் செவியும் சோதிக்கப்பட வேண்டும். அரவிந்த் கண் மருத்துவமனை அமைந்துள்ள மதுரை போன்ற ஊர்களில் கண் பரிசோதனை எளிதில் கிடைப்பது. பார்வைக் குறை இருந்து கண்ணாடி அணிந்தால் அக்குறை நீங்கும், டிஸ்லெக்சியா நீங்காது. நிறக் கண்ணாடிகளும் கண் பயிற்சிகளும் டிஸ்லெக்சியாவைத் தீர்க்கும் என்பதற்குச் சான்று இல்லை என அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் கண் மருத்துவ அமைப்புகளும் 2009-இல் கூட்டாக அறிவித்தன. மருந்தும் இல்லை.

அடுத்து, பிள்ளைக்கு உண்மையில் கற்பிக்கப்பட்டதா என்பதைப் பார்க்க வேண்டும். பள்ளிக்கு ஒழுங்காக வராத பிள்ளையும், நெரிசலான வகுப்பில் கவனிக்கப்படாத பிள்ளையும் வாசிக்கத் தெரியாமல் இருப்பர். அது டிஸ்லெக்சியா அன்று. இரண்டையும் பிரித்தறிய உறுதியான வழி, சில மாதங்கள் முறையாகக் கற்பித்துப் பார்ப்பதாகும். பெரும்பாலோர் விரைந்து தேறுவர். தேறாது நிற்பவர்களையே மேற்கொண்டு சோதிக்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2022-இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் இதற்கென அமைந்ததன்று. ஆயினும் நிலைவாரியாகப் பிள்ளைகளைப் பிரித்துக் கற்பிக்கும் அம்முறை இத்தகைய வடிகட்டலுக்கும் பயன்படக்கூடியது.

முறையான மதிப்பீட்டைக் குழந்தை மருத்துவர், மருத்துவ உளவியலாளர், சிறப்பாசிரியர் ஆகியோர் சேர்ந்து செய்வர். அறிவுத்திறன் சோதனையும், வாசித்தல், எழுதுதல், கணக்கு ஆகியவற்றுக்கான தனித்தனிச் சோதனைகளும் இதில் அடங்கும். இந்தியாவில் பெங்களூர் நிமான்ஸ் நிறுவனம் உருவாக்கிய சோதனைத் தொகுதி பெரிதும் பயன்படுகின்றது. மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் 2015-இல் வெளியிட்ட டாலி என்னும் சோதனைக் கருவி முதலில் இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளில் அமைந்தது. முதல் வரிசையில் தமிழ் இடம்பெறாமை குறிப்பிடத்தக்கது. ஆங்கிலச் சோதனையை மொழிபெயர்த்துப் பயன்படுத்துவது போதாது. ஏனெனில் மேற்கூறியவாறு தமிழில் அளக்க வேண்டியது பிழையின் எண்ணிக்கையைவிட வேகத்தை ஆகும்.

பயிற்சி

டிஸ்லெக்சியா வாழ்நாள் முழுவதும் தொடர்வது. ஆயினும் பயிற்சியினால் வாசிப்பு கணிசமாக மேம்படும். ஏழெட்டு வயதுக்குள் தொடங்கினால் பயன் மிகுதி. அதற்குப் பின்னும் பயன் உண்டு. சாமுவேல் ஓர்ட்டனின் கருத்துகளைக் கொண்டு ஆன்னா கில்லிங்காம், பெஸ்ஸி ஸ்டில்மன் என்னும் ஆசிரியர்கள் 1930களில் வகுத்த முறையே இன்றைய பல பயிற்சிகளுக்கும் முன்னோடி. ஒலியைச் சொல்லுதல், எழுத்தைப் பார்த்தல், விரலால் வரைதல் ஆகியன ஒருங்கே நிகழ வேண்டும் என்பதும், ஒன்று உறுதியான பின்னரே அடுத்ததற்குச் செல்ல வேண்டும் என்பதும் அதன் நெறிகள்.

மணலில் விரலால் எழுதி உரக்கச் சொல்லும் வழக்கம் தமிழகத் திண்ணைப் பள்ளிகளில் முன்னரே இருந்தது. மலபார்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்ட ஆண்ட்ரூ பெல், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில் தாம் நடத்திய அநாதைப் பள்ளியில் அதனைப் பின்பற்றி, பின்னர் மதராஸ் முறை என்னும் பெயரில் இங்கிலாந்துக்கும் கொண்டு சென்றார். இதைக்கொண்டு நம் முன்னோர் டிஸ்லெக்சியாவுக்குத் தீர்வு கண்டிருந்தனர் எனக் கூறுவது மிகை. மணல் ஒரு கருவியே. எந்த எழுத்தை, எந்த வரிசையில், ஏன் கற்பிக்கிறோம் என்பதில்தான் பயிற்சி உள்ளது.

தமிழில் இப்பயிற்சி 247 எழுத்துகளையும் வரிசையாக ஒப்பிப்பதிலிருந்து தொடங்குவதில்லை. ட, ப, ம, த, க போன்ற எளியனவும் மிகுதியாக வருவனவுமான சில மெய்களும் ஓரிரு உயிர்க்குறிகளும் முதலில் கற்பிக்கப்படும். அவற்றைக் கொண்டே சொற்கள் ஆக்கப்படும். ப் என்பதோடு ஆ சேர்ந்தால் பா, ம் என்பதோடு ஆ சேர்ந்தால் மா என்னும் சேர்க்கை, காதாலும் வாயாலும் பலமுறை பழக்கப்படும். உயிர்மெய் அட்டவணை மனப்பாடப் பலகையாக அல்லாமல் இச்சேர்க்கையின் வரைபடமாகக் காட்டப்படும். நீண்ட சொற்களை வந்து-கொண்டு-இருக்கிறான் எனப் பிரித்து வாசிக்கப் பழக்குவது அடுத்த படி. எழுத்துகளைக் கூட்டி வாசிக்கத் தெரிந்த பின், ஒரே பத்தியைப் பெரியவருடன் சேர்ந்து பலமுறை வாய்விட்டு வாசித்தல் வேகத்தை வளர்க்கும். நாள்தோறும் 20 நிமிடம் என்பது வாரம் ஒருநாள் இரண்டு மணி நேரத்தைவிட நல்லது.

வகுப்பறையில் செலவில்லாத சில மாற்றங்களே பெரும் உதவியாகும். முன்னறிவிப்பின்றி எழுந்து வாசிக்கச் சொல்லாமை, கரும்பலகையில் உள்ளதை அச்சிட்டுத் தருதல், விடையை வாயாற் சொல்ல இடமளித்தல், அறிவியல் தாளில் எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைக்காமை ஆகியன அத்தகையவை. உரையை ஒலியாக்கிப் படிக்கும் வசதி இன்று எளிய கைபேசிகளிலும் தமிழில் கிடைக்கின்றது. அதனைப் பயன்படுத்துவது ஏமாற்று வேலை அன்று, கண் குறைந்தவர் கண்ணாடி அணிவதைப் போன்றதே.

தமிழ்நாட்டில் இத்துறையில் முன்னோடியாகச் செயற்படுவது, 1990களின் தொடக்கத்தில் சென்னையில் உருவான மதராஸ் டிஸ்லெக்சியா சங்கம் ஆகும். இது ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிப்பதுடன், இப்பிள்ளைகளுக்கு ஆனந்தா என்னும் முழுநேர மையத்தையும் நடத்தி வந்துள்ளது. அங்குப் பயிலும் பிள்ளைகள் தேறியபின் வழக்கமான பள்ளிகளுக்குத் திரும்புவதே நோக்கம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வட்டார வள மையங்களின் சிறப்பாசிரியர்கள் உள்ளனர். அவர்கள் பல பள்ளிகளுக்குப் பொதுவானவர்கள் என்பதாலும், வெளிப்படையாகத் தெரியும் ஊனங்களுக்கே முதலிடம் கிடைப்பதாலும், வாசிப்புக் குறைபாடு பின்தள்ளப்படுவது எளிது.

சட்டமும் தேர்வுச் சலுகைகளும்

இந்தியாவில் 1995-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் கற்றல் குறைபாட்டைக் குறிப்பிடவில்லை. மாநிலங்களும் தேர்வு வாரியங்களும் தனித்தனியே சலுகை வழங்கின. மகாராட்டிர அரசு 1996-இல் இதற்கு வழி செய்தது. ஆமிர் கான் இயக்கி 2007-இல் வெளிவந்த தாரே ஜமீன் பர் இந்தித் திரைப்படம், டிஸ்லெக்சியா என்னும் சொல்லை நாடெங்கும் பெற்றோரிடம் கொண்டு சேர்த்தது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2017 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. இது அங்கீகரிக்கும் 21 வகைகளுள் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. இக்குறைபாட்டை இயன்றவரை விரைவில் கண்டறிந்து தக்க கற்பித்தல் முறைகளை மேற்கொள்ளுமாறு அரசுப் பள்ளிகளையும், அரசின் நிதியோ ஏற்போ பெற்ற பள்ளிகளையும் 16-ஆம் பிரிவு கடமைப்படுத்துகின்றது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை பள்ளிப் பிள்ளைகளிடையே கணக்கெடுக்குமாறு 17-ஆம் பிரிவு கூறுகின்றது. 2018 சனவரியில் வெளியான மைய அரசின் வழிகாட்டுதல், எட்டு வயது நிறைந்த பின்னரே சான்று வழங்க வேண்டும் என்றது. பயிற்சியைத் தொடங்க ஏற்ற வயதும் சான்று பெறும் வயதும் ஒன்றல்ல என்பது இங்கு நினைவிற்கொள்ளத்தக்கது. சான்று தேர்வுக்குத் தேவையானது. பயிற்சிக்குச் சான்று தேவையில்லை.

தமிழ்நாட்டின் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகளில் சான்று பெற்ற மாணவர்களுக்குச் சொல்வதை எழுதுபவர் உதவி, கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு ஆகிய சலுகைகள் வழங்கப்படுகின்றன. இவற்றைப் பெறப் பள்ளி வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். மதிப்பீடும் சான்றும் மாவட்டத் தலைநகர் சார்ந்தவையாக இருப்பதால் உசிலம்பட்டியிலிருந்தோ பேரையூரிலிருந்தோ மதுரைக்கு ஒருமுறைக்கு மேல் வரவேண்டிய கூலித் தொழிலாளிக்கு ஒவ்வொரு வருகையும் ஒருநாள் கூலி இழப்பாகும். சலுகை பெறுவோருள் நகரத் தனியார் பள்ளிப் பிள்ளைகள் முந்துவதில் வியப்பில்லை. மொழிப்பாட விலக்கும் ஆராய்ந்து பெறவேண்டிய ஒன்று. வாசிப்பு வராத மொழியை விலக்கிவிடுவது தேர்வில் உதவினாலும், தமிழையே விலக்கிக்கொள்ளும் பிள்ளை தான் நன்கு பேசும் மொழியில் வாசிக்கப் பழகும் வாய்ப்பை இழக்கக்கூடும்.

2021-ஆம் ஆண்டு நீட் தேர்வில், டிஸ்கிராபியா உள்ள மாணவி ஒருவருக்கு உரிய கூடுதல் ஒரு மணி நேரம் தேர்வு மையத்தில் மறுக்கப்பட்டது. அவ்வழக்கில் அதே ஆண்டு நவம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இத்தகைய வசதிகள் சட்டம் தந்த உரிமை என்றும், தேர்வு நடத்தும் அமைப்பே அதற்குப் பொறுப்பு என்றும் கூறியது. எனினும் மறுதேர்வுக்கு ஆணையிடவில்லை. இழப்பை ஈடுசெய்யும் வழியை ஆராயுமாறே தேர்வு முகமையைப் பணித்தது.

டிஸ்லெக்சியா உள்ள புகழ்பெற்றோர்

ஐன்ஸ்டைன், லியொனார்டோ டா வின்சி, எடிசன் ஆகியோருக்கு டிஸ்லெக்சியா இருந்ததாகப் பல நூல்களில் எழுதப்பட்டுள்ளது. இவற்றுக்குப் போதிய சான்று இல்லை. ஐன்ஸ்டைன் இளமையிலேயே கடினமான நூல்களை வாசித்தவர். தாமே தம் குறைபாட்டைப் பற்றிக் கூறியவர்களும் பலர் உள்ளமையால் இத்தகைய ஐயத்துக்குரிய பெயர்கள் தேவையில்லை. சிங்கப்பூரின் முதற் பிரதமர் லீ குவான் யூ, தமக்கு இலேசான டிஸ்லெக்சியா இருப்பதை 1990களில் வெளிப்படையாகக் கூறினார். கார்ப் பந்தய வீரர் ஜாக்கி ஸ்டூவர்ட்டுக்கு இது கண்டறியப்பட்டபோது அவர் நாற்பது வயதைக் கடந்திருந்தார். அதற்குள் மூன்று முறை உலக வாகையர் பட்டம் வென்றுவிட்டார். 2009-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கரோல் கிரைடர், பள்ளியில் தாம் மந்தமானவர் என எண்ணியிருந்ததையும், பின்னர் அது டிஸ்லெக்சியா என அறிந்ததையும் எழுதியுள்ளார். 2017-இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட சுவிட்சர்லாந்தின் ஜாக் டுபொஷே, தம் தன்விவரக் குறிப்பில், தாம் வாழ்ந்த வோ மாநிலத்தில் அதிகாரபூர்வமாகப் பதிவான முதல் டிஸ்லெக்சியா மாணவர் தாமே என்பதை 1955-ஆம் ஆண்டுக்கு நேராக எழுதி வைத்திருந்தார்.